ஞாயிறு விருந்தும் நிரம்பிக்கொண்டே இருக்கும் கிளாஸும்

ஞாயிற்றுக்கிழமை காலை. மணி ஒன்பது. வழக்கமாக ஏழரைக்கே இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்கிற உங்கள் வீட்டுக்காரர், இன்றைக்கு டிபன் வேண்டாம் என்கிறார். "பதினோரு மணிக்கு ஓட்டலுக்குப் போறோமே, எதுக்கு இப்ப வயித்தை ரொப்பணும்?" என்கிறார். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார். நல்ல பிள்ளை!

இந்த இடத்தில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது, வாசகர்களே. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்த விருந்தைப் பார்த்துவிடுவோம்.

காலை டிபனையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாக்கிப் பதினோரு மணி வாக்கில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவதற்கு 'பிரஞ்ச்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் பழக்கம் என்று நம் புதுச்சேரியில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. 1895-இல் கை பெரிஞ்சர் என்ற இங்கிலாந்துக்காரர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் எழுதி வைத்த சொல் அது. சனிக்கிழமை ராத்திரி கூத்தடித்துவிட்டு ஞாயிறு காலையில் எழுந்திருக்க முடியாதவர்களுக்காக அவர் சிபாரிசு செய்த சாப்பாடு! நூறு வருஷத்துக்கும் மேலாகி, இன்றைக்கு அது நம் ஒயிட் டவுன் ஓட்டல்களுக்கும் வந்துவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களும் பிறந்தநாள், கல்யாண நாள் என்று போகிறார்கள். தாய்லாந்து சூப், வியட்நாம் ரோல், சீன நூடுல்ஸ், ஜப்பான் சூஷி என்று வரிசையாக இருக்கும். கூடவே ஒரு தொகை கட்டிவிட்டால் மூன்று மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம்.

போகவே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை.

இது நமக்குப் புதுசா என்ன?

வெளியூர்க்காரர்களுக்கு வியட்நாம் சாப்பாடு புதுசு. புதுச்சேரிக்கு இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1859-இல் சைகோனைப் பிடித்த பிறகு, இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் எத்தனையோ தமிழர்கள் சிப்பாயாகவும் போலீசாகவும் குமாஸ்தாவாகவும் வரி வசூலிப்பவராகவும் இந்தோசீனாவுக்குப் போனார்கள். அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி அங்கேயும் முடிந்தது, இங்கேயும் கைமாறியது. அதை ஒட்டியும், 1975-இல் சைகோன் வீழ்ந்தபோதும் திரும்பி வந்த குடும்பங்களில் வியட்நாமியப் பெண்கள் மருமகளாக வந்தார்கள். நம் ஊரில் 'சொல்தா' வீடு என்று சொல்கிற பிரெஞ்சு பென்ஷன் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் 'நெம்' செய்கிற வழக்கம் அப்படி வந்ததுதான்.

அந்த நெம்மைக் கவனித்துப் பாருங்கள். அரிசித் தாளில் இறாலோ பன்றி இறைச்சியோ, பாசிப்பயறு மாவில் செய்த மெல்லிய சேமியா, காளான், கேரட் வைத்துச் சுருட்டி எண்ணெயில் பொரிக்கிறார்கள். அதோடு விடுவதில்லை. பொரித்ததைக் கீரை மாதிரி இருக்கும் லெட்டூஸ் இலையில் வைத்து, புதினாவும் கொத்துமல்லியும் சேர்த்து மடித்துத்தான் சாப்பிடுகிறார்கள். எண்ணெய்ப் பண்டத்துக்குப் பக்கத்திலேயே பச்சிலை. நம் சித்த மருத்துவம் சொல்கிற கணக்கும் இதுதானே! ஓட்டலில் என்ன நடக்கிறது? அலங்காரத்துக்கு வைத்த இலையை ஒதுக்கிவிட்டு ரோலை மட்டும் எட்டு, பத்து என்று உள்ளே தள்ளுகிறோம்.

தாய்லாந்து சூப்பில் போடுகிற கிழங்கு வேறொன்றுமில்லை, நம் பேரரத்தை. அதில் மணக்கிற புல், எலுமிச்சைப்புல். தாய்லாந்துத் துளசி என்று கொடுக்கிறார்களே, அது நம் திருநீற்றுப்பச்சிலை இனம். அதன் விதையைத்தான் சப்ஜா என்று ஜிகர்தண்டாவிலும் பலூடாவிலும் போடுகிறோம். வியட்நாமின் 'ஃபோ' சூப்பில் எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்க வைத்துப் போடும் மசாலா பட்டையும் அன்னாசிப்பூவும் சுட்ட இஞ்சியும். இங்கிலீஷில் 'காஞ்ஜி' என்று எழுதி வைத்திருந்தால் பயப்பட வேண்டாம், அது நம் கஞ்சிதான். தமிழ்ச் சொல்தான் கப்பலேறிப் போய் அந்தப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. நாற்பது வகை பதார்த்தம் இருக்கிற மேஜையில் வைத்தியர் தேடிப் போகிற பாத்திரம் அந்தக் கஞ்சிப் பாத்திரம்தான். ஆனால் அதன் பக்கம் கூட்டமே இருக்காது!

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

"டாக்டர், அஜினோமோட்டோ போடறாங்களாமே?" இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளியே இல்லை. 1908-இல் ஜப்பானில் கடற்பாசியிலிருந்து கண்டுபிடித்த சுவை அது. அதைச் சாப்பிட்டால் தலைவலி, படபடப்பு வருகிறது என்ற பேச்சு 1968-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வந்த ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. பிறகு ஒழுங்காகச் செய்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் விட்டுவிடுங்கள். ஆனால் நான் பயப்படுவது அதற்கல்ல, உப்புக்கு.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சேரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. நெத்திலி மீனையும் உப்பையும் ஊறவைத்துப் புளிக்கவைத்து எடுக்கிற மீன் சாஸில் ஒரு மேஜைக்கரண்டிக்கு 3 கிராமுக்கு மேல். சூப்பில், நூடுல்ஸில், தொட்டுக்கொள்கிற கிண்ணத்தில் என்று மூன்று இடத்தில் அது வருகிறது. அன்றைய உப்புக் கணக்கு சூப் குடித்து முடிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ரத்த அழுத்தக்காரர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சூப்பில் இருக்கிற காய், கறியை எடுத்துக்கொண்டு தண்ணீரைப் பாதியிலேயே வைத்துவிடுங்கள். தொட்டுக்கொள்ள சாஸுக்குப் பதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொள்ளுங்கள், ருசி குறையாது.

யூரிக் அமிலம் ஏறி வாதரத்தம் வந்தவர்களுக்கு இந்த மேஜையே ஒரு கண்ணிவெடி. எலும்புச் சாறு, இறால், நெத்திலி, மாட்டிறைச்சி, அதற்கு மேல் பீர்! ராத்திரி இரண்டு மணிக்குக் கால் கட்டை விரல் வீங்கி, போர்வை பட்டாலே அலறும்படி வலிக்கும். திங்கட்கிழமை காலையில் என் வாசலில் ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு வருகிறவர்களை, "நேத்து விருந்தா?" என்று கேட்டுத்தான் உட்கார வைப்பேன்.

இன்னொன்று. திறந்து வைத்த மேஜையில் சாப்பாடு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று பாருங்கள். சூடாக இருக்கவேண்டியது ஆவி பறக்க இருக்கவேண்டும், 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி பெருகும். நம் ஊர் வெயிலில் தோட்டத்தில் போட்ட மேஜை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த இறாலையும் சோற்றையும் தொடாதீர்கள். பழைய சோற்றில் கிளறிய ஃபிரைடு ரைஸ் வாந்தி எடுக்க வைப்பதில் பெயர் பெற்றது. கர்ப்பிணிகள் பச்சை மீன் வைத்த சூஷியைத் தொடவே வேண்டாம்.

மீன் சாப்பிட்டுவிட்டுப் பால் பாயசம் சாப்பிடலாமா என்றும் கேட்பீர்கள். நம் மரபு அதை விலக்குகிறது. சேர்த்துச் சாப்பிட்டால் விஷமாகிவிடும் என்பதற்கு இன்றைய ஆராய்ச்சியில் ஆதாரம் கிடையாது. கரப்பான், படை உள்ளவர்களுக்கு மட்டும் தள்ளி வைக்கச் சொல்கிறேன், மற்றவர்களோடு நான் சண்டை போடுவதில்லை.

கிளாஸ் காலியாகவே ஆகாது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். காசை முதலிலேயே கட்டியாயிற்று. "கொடுத்த காசுக்குக் குடிக்கணுமே" என்று மனசு கணக்குப் போடும். பாதி கிளாஸ் இருக்கும்போதே பரிமாறுகிறவர் வந்து ரொப்பிவிடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணவே முடியாது. வீட்டில் ஒரு பாட்டிலோடு எழுந்துவிடுகிற மனிதர்கூட இங்கே எத்தனை குடித்தோம் என்று தெரியாமல்தான் எழுந்திருக்கிறார்.

நான் எண்ணிக் காட்டுகிறேன். 30 மில்லி விஸ்கியோ பிராந்தியோ, அதாவது ஒரு ஸ்மால், அதில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். 650 மில்லி பீர் பாட்டிலில், சாதாரண வகையென்றால் 26 கிராம், ஸ்ட்ராங் என்றால் 40 கிராம் வரை. "பீர்தானே டாக்டர்" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும். ஒயின் ஒரு கிளாஸ் 150 மில்லி என்றால் 14 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். காபி குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் மோர் குடித்தாலும் அந்த வேகம் கூடாது. பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்து இரண்டு பீரும் ஒரு லார்ஜும் குடித்தவருக்கு 72 கிராம் ஆகிறது. அது முழுக்க இறங்க ராத்திரி எட்டு, ஒன்பது மணி ஆகிவிடும். மூன்று மணிக்கு "தெளிவாத்தான் இருக்கேன்" என்று காரை எடுத்து ஈ.சி.ஆரில் ஏறினால்? சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு லார்ஜிலேயே பலர் அதைத் தாண்டிவிடுவார்கள். 2019-இல் திருத்திய சட்டப்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பின் சீட்டில் உங்கள் குழந்தை இருப்பதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

பெண்களுக்கு உடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாக ஏறும். நம்முடைய நடுப்பகல் வெயில் வேறு. நண்பகல் பித்தத்தின் வேளை, மது பித்தத்தைக் கூட்டும் பொருள் என்பது நம் கணக்கு. ஆங்கில மருத்துவம் அதை வேறு விதமாகச் சொல்லும். சிறுநீரை அடக்கிவைக்கிற சுரப்பை மது தடுத்துவிடுவதால் உள்ளே போனதைவிட அதிகமாக வெளியேறுகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் மேஜையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு சாய்வது இதனால்தான்.

வார நாளெல்லாம் தொடாமல் ஒரே நாளில் அதிகமாகக் குடிக்கிறவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடும் நிலை வருவதுண்டு. 1978-இலேயே அமெரிக்க டாக்டர்கள் அதற்கு 'விடுமுறை இதயம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 2023-இல் உலக சுகாதார நிறுவனம், உடம்புக்குப் பாதுகாப்பான மது அளவு என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டது. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93-வது அதிகாரம், மருந்து 95-வது. நடுவில் இருப்பது சூது. வள்ளுவர் யோசித்துத்தான் வைத்தாரோ என்று நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலேயே நினைத்துக்கொள்வேன்.

மாத்திரை போட்டார், டிபன் சாப்பிடவில்லை

ஆரம்பத்தில் ஒருவரை விட்டுவிட்டு வந்தோமே, அவரிடம் போவோம். அவருக்குச் சர்க்கரை வியாதி. அவர் போட்டது கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை, அல்லது இன்சுலின் ஊசி. இவை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். வயிறு காலியாக இருக்கும்போது கல்லீரல்தான் தன் கையிருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விட்டு நம்மைக் காப்பாற்றும். ஆனால் பதினொன்றரைக்கு வெறும் வயிற்றில் முதல் கிளாஸ் உள்ளே போகிறது. உடனே கல்லீரல் மற்ற வேலையை விட்டுவிட்டு மதுவை எரிக்கப் போய்விடுகிறது. புதுச் சர்க்கரை தயாரிப்பு நின்றுவிடுகிறது. மாத்திரை ஒரு பக்கம் இறக்குகிறது, ஏற்றிவிட ஆளில்லை.

வேர்வை கொட்டும். கை நடுங்கும். பேச்சு குழறும். சம்பந்தமில்லாமல் கோபப்படுவார், தள்ளாடுவார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அப்பாவுக்கு ஏறிடுச்சு, கொஞ்ச நேரம் படுக்கட்டும்." காரில் ஏ.சி. போட்டுப் படுக்க வைத்துவிட்டு மற்றவர்கள் ஐஸ்கிரீம் சாப்பிடப் போய்விடுவார்கள். சர்க்கரை 40-க்குக் கீழே போனால் வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம், மூளைக்கே சேதம் வரலாம். முத்தியால்பேட்டையிலிருந்து வருகிற எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரை இப்படிக் காரில் படுக்க வைத்திருந்தபோது, நர்ஸ் வேலை பார்க்கும் மருமகள்தான் சட்டையைத் தொட்டுப் பார்த்து, "மாமா சட்டை இப்படி நனைஞ்சிருக்கே, இது போதை இல்லீங்க அத்தை" என்று விரலில் ஊசி குத்திப் பார்த்தாள். 38 இருந்தது. அவர் அன்று குடித்தது ஒரே ஒரு பீர்.

எனவே சர்க்கரை வியாதி உள்ளவர் குடித்திருந்து தள்ளாடினால் போதை என்று முடிவு கட்டாதீர்கள். குளுக்கோமீட்டரில் பாருங்கள். மீட்டர் இல்லையென்றால் சர்க்கரை இறங்கியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நினைவு இருந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். டயட் கோலா கொடுக்காதீர்கள், அதில் சர்க்கரை இல்லை! கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு தரம் கொடுங்கள். பிறகு சோறோ பிஸ்கட்டோ சாப்பிடச் செய்யுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். தேறிவிட்டாலும் அன்று ராத்திரி தூங்கப் போகுமுன் ஒரு தரமும், மறுநாள் காலையில் ஒரு தரமும் பார்க்கவேண்டும். மது இறக்குகிற சர்க்கரை மறுநாள் காலை வரைக்கும்கூட விளையாட்டுக் காட்டும்.

எல்லாவற்றையும்விட எளிது, அன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போவது. மாத்திரை நேரத்தை மாற்றவேண்டுமா என்று உங்களுக்கு மாத்திரை எழுதிய டாக்டரிடம் வெள்ளிக்கிழமையே கேட்டுக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் அதிகமாகக் குடித்தால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடுகிற வேறொரு ஆபத்து உண்டு. தூக்க மாத்திரை, சளிக்குப் போடுகிற அலர்ஜி மாத்திரை, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தக் கிளாஸைத் தொடவே கூடாது. மறுநாள் தலைவலிக்குப் பாரசிட்டமாலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது களைத்துப் போன கல்லீரலை உதைக்கிற காரியம்.

மது அருந்தாதவர்களுக்கும் ஒரு சொல். 'மாக்டெயில்' என்று வண்ண வண்ணமாக வருவதும் சர்க்கரைப் பாகுதான். 300 மில்லி கோலாவில் மட்டும் சுமார் 32 கிராம் சர்க்கரை. குழந்தைகள் நாலு கிளாஸ் குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இளநீரோ உப்புக் குறைத்த எலுமிச்சை சோடாவோ கேட்டால் எந்த ஓட்டலிலும் கொடுப்பார்கள்.

"கீழாநெல்லி சாப்பிட்டுக்கிறேனே!"

ஞாயிறு குடித்துவிட்டுத் திங்கட்கிழமை கீழாநெல்லி கேட்டு வருகிறவர்கள் எனக்கு நிறைய. கல்லீரலைக் கழுவி விடுமாம்! காமாலைக்கு நம் முன்னோர் கொடுத்த நல்ல மூலிகை அது, மறுக்கவில்லை. 1988-இல் சென்னையில் மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் வந்ததாக எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. குடியால் வீங்கிய கல்லீரலுக்கு அதை லைசென்ஸ் மாதிரி வைத்துக்கொண்டு வாராவாரம் குடிப்பதற்கு எந்தச் சித்தரும் எழுதி வைக்கவில்லை. காமாலை தெரிந்தாலோ வயிறு உப்பினாலோ கருப்பாக மலம் போனாலோ என்னிடம்கூட வரவேண்டாம், நேரே ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாய்கிற கடும் வலி, வாந்தியோடு வந்தால் அது கணையம். இஞ்சிச் சாறு கொடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடாது.

வெறும் மந்தம், புளித்த ஏப்பம், வயிறு கனம் என்றால் கைவைத்தியம் போதும். ஒரு ஸ்பூன் சீரகத்தை லேசாக வறுத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டவைத்து வெதுவெதுப்பாகக் குடியுங்கள். குமட்டல் இருந்தால் இரண்டு ஏலக்காயைத் தட்டிப் போடலாம். வயிற்றில் எரிச்சல் உள்ளவர்கள் சுக்கு, மிளகு பக்கம் போகவேண்டாம், நீர் மோரில் கொத்துமல்லி போட்டுக் குடிக்கலாம்.

அன்று ராத்திரிக்கு அடுப்பில் ஏற்றவேண்டியது ஒரு கஞ்சி. பச்சரிசி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து, பாசிப்பயறு ஐந்தையும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் தளர்வாக முடிச்சுக் கட்டி, இரண்டு லிட்டர் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வைப்பது பஞ்சமுட்டிக் கஞ்சி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அரைக் கைப்பிடி வீதம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீர் வைத்தால் சரியாக இருக்கும். முக்கால் மணி நேரம் கொதித்து நீர் பாதியானதும் முடிச்சை எடுத்துவிட்டு, கஞ்சித் தண்ணீரில் சீரகப்பொடி ஒரு சிட்டிகை தூவிக் குடிக்கவேண்டும். மதியம் உப்பு ஏகத்துக்கும் ஏறிவிட்டதால் இதில் உப்பு போடாதீர்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் தண்ணீரோடு நிறுத்தாமல், முடிச்சில் வெந்த பருப்பையும் நாலு ஸ்பூன் மசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாதரத்தம் உள்ளவர்களுக்கு இந்தப் பருப்புக் கஞ்சிக்குப் பதில் வெறும் பச்சரிசிக் கஞ்சி.